மூன்றாம் தரம் கேட்கும்வரை

பினாயில் வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பதினைந்து வயதில், நாகர்கோவிலில் வெள்ளைக்காரர் நடத்திய ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த வாடைக்கு நடுவே உட்கார்ந்து, 'வித் பிளெஷர், மேடம்' என்பதை வாய்க்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். நர்சு வேலை படிக்க இடம் கிடைத்தால் பிழைத்தேன். இல்லாவிட்டால் மனைவியை இழந்த தோவாளை நிலக்காரர் ஒருவருக்கு வருகிற தையில் என்னைக் கட்டிக்கொடுப்பதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அம்மாவின் அண்ணனான அவர் வைத்ததுதான் சட்டம். "ஒரு தடவ போய்ப் பாக்கட்டு. கிடைக்கலேன்னா பொறவு மூச்சு விடப்பிடாது" என்று சொல்லித்தான் கூடவே வந்திருந்தார். அம்மாவும் வந்திருந்தாள்; அவள் எந்தப் பக்கம் என்பதே எனக்குத் தெரியவில்லை.

சந்தோஷமாய்ச் சம்மதம் என்று பொருள்படும் அந்தச் சொல்லைத் தேர்ந்து கொடுத்தவள் அடுத்த வீட்டு நேசம்மா டீச்சர். அம்மா அடுக்களையில் அரிசி புடைத்துக்கொண்டிருக்க, ஒரு மாதமாக எனக்குப் பாடம் நடந்தது. "சம்மதமான்னு அந்த வெள்ளைக்கார மேடம் கேப்பா. 'ஆல் ரைட்'னு சொல்லிப்போடாதே மக்கா, அது சமானக்காரங்க சொல்லுகது. 'ஆஃப் கோர்ஸ்'ன்னா, இதுகூடத் தெரியாதான்னு திருப்பிக் கேக்க மாதிரி. வெறும் 'எஸ் மேடம்' வேலைக்காரி சொல்லுகது" என்பாள். எதைச் சொல்வது என்று ஒன்றுவிடாமல் சொல்லித்தந்தவள், எப்போது சொல்வது என்பதை மட்டும் சொல்லவில்லை.

எங்கள் வீடுகளில் எதையும் மூன்று தரம் கேட்ட பிறகுதான் சம்மதிப்பார்கள். ஒரு வாய் காப்பியானாலும் முதல் கேள்விக்குத் தலையாட்டுகிறவளை 'ஆலாப் பறக்குகவ' என்பார்கள். அதனால் மேடம் இங்கிலீஷில், "இங்கே தங்கிப் படிக்கச் சம்மதமா?" என்று கேட்டபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த கேள்விக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை. மேடம் சற்றுப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு வருத்தத்தோடு புன்னகைத்து, பேனாவை மூடினாள். வாசலில் நின்ற மாமா செருப்பை மாட்டத் தொடங்கிவிட்டார். ஒரு மாதம் உருட்டிய சொல் என் வாய்க்குள்ளேயே கிடந்தது.

"எஸ் மேடம்!"

சொன்னவள் அம்மா. ஆண்கள் முன்னால் வாய் திறந்தறியாத அம்மா, முக்காட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். "எஸ் மேடம்! எஸ் மேடம்! அவ வருவா, அம்மா. இங்கதான் இருப்பா." மேடம் பேனாவைத் திறந்தாள்.

இப்போது என் பேத்தியிடம் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் 'ஓகே' வந்து விழுகிறது. வருகிறவர்களிடம் நான் மூன்று தரம் காப்பி கேட்டால் சிரிக்கிறார்கள். அந்த வழக்கம் போய்விட்டது; போகட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அம்மாவை நினைத்துத்தான். அன்றைக்குப் பேச்சை நிறுத்திய மாமா சாகும்வரை அவளோடு பேசவில்லை. இருபது வருஷம் கழித்து, "அப்படிச் சொன்னதுல சங்கடம் உண்டா அம்மா?" என்று கேட்டேன். அவள் என்னை இரண்டாம் தரம் கேட்க விடவில்லை.

"இல்ல மக்கா" என்றாள்.