அண்ணி சரியாகத்தான் நிறுத்தினார்

அன்று காலை கம்ப்யூட்டர் முன்னால் நான் இருந்தேன். அம்மா, அப்பா, அண்ணி இருந்தார்கள். அண்ணன் இல்லை. லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு ஹூப்ளி பக்கம் போயிருந்தான். அவன் இருந்திருந்தால் அண்ணிக்காக ஒரு வார்த்தையாவது பேசியிருப்பான்.

கம்ப்யூட்டர் கிளம்பாமல் போனதற்குக் காரணம் நான். அந்தப் பழியை அண்ணி மேல் போட்டவன் நான். உண்மை தெரிந்த பிறகும் வாயைத் திறக்காதவனும் நானேதான்!

இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன். உங்கள் முகம் எனக்குத் தெரியாது என்பதால்தான் சொல்ல முடிகிறதோ, என்னவோ...

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது, கரண்ட் பில் ஏன் கூடிவிட்டது, பேங்கிலிருந்து வந்த மெசேஜ் என்ன சொல்கிறது, எல்லாம் என்னிடம்தான் வரும். தெரிந்தால் சொல்வேன். தெரியாவிட்டாலும் சொல்வேன்! 'எனக்குத் தெரியவில்லை' என்று அந்த வீட்டுக்குள் நான் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்?

அண்ணி பொம்மிடியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர். பத்தாவது படித்தவர். அதியமான்கோட்டையில் ஹைவே ஓரம் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பாய், பில் போட ஒரு ஆள் தேடிக்கொண்டிருந்தார். "எக்செல்ல பில் போடத் தெரிஞ்சா போதும்மா, திங்கக்கிழமையே வந்துரு" என்று அண்ணியிடம் சொல்லி, சம்பளத்தையும் சொல்லியிருந்தார்.

சொல்லிக்கொடுத்தது நான்தான். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் மனசு இளகிவிடுகிறது. பழகுவதற்காக அண்ணி வீட்டு ஆட்களுக்கே பில் போடுவார். அம்மாவுக்குப் பாத்ரூம் டைல்ஸ். அப்பாவுக்கு மாட்டுக் கொட்டாய்க்கு வழுக்காத டைல்ஸ். என் பெயரில் ஒரு பில் போட்டு, கடைசி வரியில் 'தம்பிக்கு மட்டும் தள்ளுபடி' என்று அடித்திருந்தார். பார்த்துவிட்டு இரண்டு பேரும் வெகுநேரம் சிரித்தோம்.

அம்மாவுக்கு மட்டும் இதில் இஷ்டமில்லை. "மாட்டுக்குத் தண்ணி வெக்கறதுக்கே நாலு தடவ சொல்லணும். இவ போயி கடையில கணக்குப் பாக்கப் போறாளாமா?"

"அத்தைக்கு ஒரு பில்லு போட்டுக் காட்டிட்டா ஒத்துக்குவாங்க தம்பி" என்றார் அண்ணி. அதற்காகத்தான் அந்தச் சனிக்கிழமை காலை எல்லோரும் கூடினோம்.

முந்தின நாள் மதியம் சிநேகிதனிடம் வாங்கிய பென் டிரைவிலிருந்து ஒரு படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கம்ப்யூட்டர் பெட்டியின் முன்பக்கத் துளை வேலை செய்யாது. பின்பக்கம் செருகினேன். எடுக்க மறந்தேன். அவ்வளவுதான்... இவ்வளவு பெரிய பாவத்துக்குத் தொடக்கம் இவ்வளவு சின்னதா!

சாயங்காலம் அண்ணி பழகிவிட்டு நிறுத்தினார். காலையில் அவரே ஆசையாக சுவிட்சைப் போட்டார். கறுப்புத் திரை. வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு ஆங்கில வரி. எதை அழுத்தினாலும் மறுபடி அதே வரி.

"என்னடா போட்டிருக்கு?" என்றார் அம்மா.

செருகியிருக்கும் டிஸ்க்கை எடுத்துவிட்டு ஏதாவது ஒரு பொத்தானை அழுத்து என்று அந்த வரி சொன்னது. இன்று படித்தால் எவ்வளவு எளிமையாக இருக்கிறது! அன்று நான்கு பேர் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, என் கண் 'டிஸ்க்' என்ற சொல்லோடு நின்றுவிட்டது.

நான்கு பேரா? இல்லை, மூன்று பேர். என் பயம் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டது போலிருக்கிறது.

"ஹார்ட் டிஸ்க் போச்சும்மா."

"மாடா இருந்தா வாலப் புடிச்சு முறுக்குனா எந்திரிச்சுக்கும். இதுக்கு எதப் புடிச்சு முறுக்கறது?" என்றார் அப்பா. யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு? எப்பிடிடா போகும்?"

அம்மாவுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. எனக்கும்.

"யாராச்சும் ஷட் டவுன் பண்ணாம நேரா சுவிட்ச ஆஃப் பண்ணியிருப்பாங்க."

யாராச்சும்! எவ்வளவு தந்திரமான சொல் பாருங்கள்... அந்தக் கம்ப்யூட்டரைத் தொடுகிறவர்களே நாங்கள் இரண்டு பேர்தான். நான் பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

"நீங்க சொல்லிக் குடுத்தாப்புலதாங்க தம்பி பண்ணேன்" என்றார் அண்ணி. பிறகு குரல் இறங்கிவிட்டது. "கன்னுக்குட்டி கத்துச்சுன்னு அவசரமா எந்திரிச்சேன்... அதுல மறந்துட்டனோ என்னமோ."

அவர் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டே நின்றேன்.

"பாய் கடைக்குப் போயி அந்த மனுசன் பொட்டியையும் சாச்சுட்டு வா, போ!" என்று அம்மா எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஞாயிறு. எல்லோரும் மஞ்சள் காட்டுக்குக் களையெடுக்கப் போய்விட்டார்கள். நான் பெட்டியைக் கழற்றினேன். உள்ளே இருந்த ரேம் என்ற நினைவகப் பட்டையை உருவி, அதன் பித்தளை நிற ஓரத்தை அழிரப்பரால் தேய்த்துத் திரும்பச் செருகினேன். பலனில்லை. தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டிவிடலாம் என்று, பின்பக்க வயர்களைப் பிடுங்கப் பெட்டியைத் திருப்பினேன்.

பென் டிரைவ்!

எடுத்தேன். சுவிட்சைப் போட்டேன். நீலத் திரை விரிந்து, அண்ணியின் பில்கள் வரிசையாக வந்து நின்றன. அந்த வரி எடுக்கச் சொன்ன டிஸ்க் இந்தப் பென் டிரைவ்தான். முந்தின நாளே எல்லாம் சொல்லியிருந்தது அந்த ஒற்றை வரி... எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

நம்புங்கள், நான் காட்டை நோக்கி ஓடினேன். சொல்லிவிடத்தான் ஓடினேன். திங்கட்கிழமைக்கு இன்னும் நேரம் இருந்தது!

"சரியாயிருச்சு அண்ணி!" என்று வரப்பிலிருந்து கத்தினேன். அண்ணி எழுந்து நின்றார். வெயிலில் கறுத்திருந்த அந்த முகம் மலர்ந்ததை எப்படி எழுதுவது?

"என்னங்க தம்பி ஆயிருந்துச்சு?"

பக்கத்து வரிசையில் அம்மாவும் களைக்கொத்தை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார். மறுபடியும் எல்லோர் கண்ணும் என் வாய் மேல்.

"உள்ள ஒரு பார்ட்டு லூசாயிருந்துச்சு."

"நான் ஆஃப் பண்ணதுலங்களா?"

நேராகக் கேட்டார். ஒளிவு மறைவில்லாமல், குழந்தை மாதிரி கேட்டார். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். அந்த ஒரு சொல்...

"இனிமே பாத்துக்கங்க அண்ணி."

இதுதான் நான் செய்த குற்றம். சனிக்கிழமை சொன்னது அறியாமை என்று தள்ளிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சொன்னதை என்னவென்று தள்ளுவது?

திங்கட்கிழமை காலை அண்ணி புடவையைத் தேய்த்து வைத்தார். பஸ் வரும் நேரத்தில் அதை மறுபடி மடித்துத் துணிப்பெட்டிக்குள் வைத்தார்.

"வேண்டாங்க தம்பி. ஊரான் சாமான். அதையும் கெடுத்துட்டன்னா உங்கண்ணன் எப்பிடி பதில் சொல்லுவாரு? பாய்க்கு ஒரு போன் போட்டுக் குடுங்க."

நான் போட்டுக் கொடுத்தேன். ஆம், என் கையால்தான் அழுத்தினேன்! மணி அடித்துக்கொண்டே இருந்தது. அந்த நேரத்திலாவது துண்டித்திருக்கலாம்... போனை அண்ணியிடம் நீட்டினேன். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

பிறகு எத்தனையோ தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன். "சும்மா உக்காருங்க அண்ணி, பழகலாம்" என்பேன். சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவார். டிவியை நிறுத்துவதற்குக்கூட என்னைப் பார்த்து, "ஆஃப் பண்ணலாமுங்களா தம்பி?" என்று கேட்கிறார். தன் வீட்டு சுவிட்சைத் தொட அனுமதி கேட்கிறார்! ஒவ்வொரு முறையும் 'பண்ணுங்க அண்ணி' என்கிறேன்.

போன வாரம் சாப்பிடும்போது அப்பா ஏதோ பேச்சில் கேட்டார், "அன்னிக்கு அந்தப் பொட்டி ரிப்பேருக்கு எவ்வளவுடா ஆச்சு?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணிதான் சொன்னார், அத்தனை பெருமையாக. "ஒத்த ரூவா ஆகலீங்க மாமா. எங்க தம்பியே சரி பண்ணிட்டாரு." சொல்லிக்கொண்டே எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

பாய் கடையில் இப்போது வேறொரு பெண் பில் போடுகிறாள். அண்ணிக்குச் சொன்ன அதே சம்பளம்தான் அவளுக்கும்.

மாதம் ஒன்பதாயிரம் ரூபாய்.