முட்டை சுற்றி வந்த கதை

புரட்டாசி எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு நல்ல மாதம். கறி கிடையாது, முட்டைகூட அடுப்படிக்குள் வராது. ஆனால் அடுத்து வருவது தீபாவளி. அதனால் அப்பா வேலைக்குக் கிளம்பும்போது சேவல்களை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அப்பா ரயில்வேயில் ஃபிட்டர். பிரிக்பீல்ட்ஸில் தொழிலாளர் வீடுகளின் வரிசையில் கடைசி வீடு எங்களுடையது. அதனால் பக்கத்தில் கொஞ்சம் மண் கிடைத்தது. அதில் மரவள்ளி, நாலு வாழை, பதினேழு கோழிகள். தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய சிலிப்பர் கட்டைகளை நட்டு அப்பா போட்ட வேலிக்கு அந்தப் பக்கம் கிராணிகளின் வீடுகள் தொடங்கின. அங்கே இருந்தவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். சட்டை கசங்காமல் ஆபீஸ் போகிற குமாஸ்தாக்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் கோயிலில் மட்டும்தான் சந்திப்பு.

அம்மா கைக்குழந்தையோடு இருந்ததால் கோழிகள் அத்தையின் பொறுப்பு. அத்தை அப்பாவின் தங்கை. கிள்ளானில் ஐந்தாவது வரை படித்தவள், இருபத்திரண்டு வயதாகியும் கல்யாணம் ஆகாதவள். இந்த இரண்டாவது விஷயத்துக்கு முதல் விஷயம்தான் காரணம் என்று அம்மா நம்பினாள். எட்டு வயதான நான் அத்தைக்கு எடுபிடி. மழை தொடங்குவதற்குள் கூண்டுக்கு அத்தாப்பு ஓலை மாற்ற வேண்டும், கீழே சாம்பல் தூவ வேண்டும், அடைக்கு வைக்க முட்டை சேர்க்க வேண்டும். அந்த வருடம் எனக்கென்றே அப்பா தனியாக ஒரு வேலையும் கொடுத்தார்.

"அந்தப் புள்ளிக் கோழி வேலி தாண்டுது. ஓட்டைய அடைச்சு வை. கிராணி வீட்டுல பேச்சு வாங்காத."

புள்ளிக் கோழி வேலியின் ஓட்டை வழியாகப் போய், பக்கத்து வீட்டுக் கிராணியின் விறகுக் கொட்டகையில்தான் முட்டையிட்டு வந்தது. அவர் தனி ஆள். முட்டை தின்னாதவர். தினமும் என்னைக் கூப்பிட்டு, முட்டையைக் காகிதத்தில் பொதிந்து கொடுப்பார். மதராஸிலிருந்து கப்பலில் வரும் கதைப் பத்திரிகையின் தாள்கள் அவை. நல்ல புத்தகத்தைக் கிழித்து முட்டை சுற்றுகிறாரே, இவரை எப்படி ஆபீஸில் வைத்திருக்கிறார்கள் என்று நினைப்பேன்.

அத்தை முட்டையைக் கூடையில் போட்டுவிட்டுத் தாளைத் தொடைமேல் வைத்து நீவுவாள். எங்கள் வீட்டில் ரயில்வே காலண்டரைத் தவிர அச்சடித்த காகிதமே கிடையாது. வாசலில் ரொட்டிக்காரன் மணியடித்தாலும் அவள் காதில் விழாது. பிறகு மரவள்ளிக் கிழங்கு நறுக்கியபடி எனக்குக் கதையைச் சொல்வாள். திருவிழாவில் தொலைந்துபோன ஆறு வயதுத் தங்கையை அண்ணன் ஊர் ஊராகத் தேடும் கதை. ஒரு முட்டைக்கு இரண்டு தாள். வரிசை ஒருநாளும் தப்பியதில்லை.

இதற்கு நடுவில் நான் என் கடமையைச் செய்துகொண்டிருந்தேன். ஓட்டையில் பலகை வைத்தேன். காலையில் பலகை கீழே கிடந்தது. கல்லை முட்டுக் கொடுத்தேன். கல் நகர்ந்திருந்தது. மூசாங் என்கிற மரநாய்தான் கூண்டைத் தேடி வந்து தள்ளிவிடுகிறது என்று அத்தை சொன்னாள். அப்படியா என்று பயந்துபோய் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஒரு தகரத்தைக் கொண்டுவந்து ஆறு ஆணி அடித்தார். என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அன்றைக்குப் புள்ளிக் கோழி எங்கள் கூண்டிலேயே முட்டையிட்டது. அத்தை குழம்பைத் தீய விட்டாள். மறுநாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் அந்த முட்டையை என் கையில் வைத்து, "பக்கத்து வீட்டுல குடுத்துட்டு வா" என்றாள்.

"அவருதான் முட்டையே திங்க மாட்டாரே, அத்தை?"

"குடுத்துட்டு வான்னா போயேன்."

கிராணி முட்டையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனவர், அதே முட்டையை இரண்டு தாளில் பொதிந்து எடுத்துவந்தார்.

"நான் முட்டை சாப்பிடுறேல்லை, பிள்ளை. அத்தையிட்டையே திருப்பிக் குடுங்கோ."

அந்த ஒரே முட்டை ஆறு நாள் போய்ப் போய் வந்தது. ஏழாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. முந்தின தாளில் கதை முடிவை நெருங்கிவிட்டது, கடைசித் தாள் இன்றைக்கு வரும் என்று அத்தை காலையிலேயே சொல்லியிருந்தாள். திரும்பி ஓடி வருகையில் லோங்காங் விளிம்பில் வழுக்கி விழுந்தேன். முட்டை உடைந்தது. தாள்கள் மஞ்சள் கருவோடு சாக்கடைத் தண்ணீரில் போயின. அத்தையின் முன்னால் வந்து நின்று அழுதேன்.

அவள் அடிக்கவில்லை. என் முழங்காலைக் கழுவிவிட்டாள். மழை விட்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக வேலி ஓரம் போய் நின்றாள். அந்தப் பக்கம் அவர் விறகை மூடிக்கொண்டிருந்தார்.

"தாள் நனைஞ்சு போச்சு. கதை எப்படி முடியுது?" என்று கேட்டாள். அவர்கள் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"அவன் அவளின்ர தமையனிட்டைப் போய்ப் பொம்பிளை கேக்கத்தான் நினைக்கிறான். அவளுக்கு விருப்பமோ எண்டு தெரியேல்லை."

"தெரிஞ்சா?"

"நாளைக்கே போய்க் கேப்பான். விருப்பமில்லையெண்டால் கப்பலேறி ஊருக்குப் போயிடுவான்."

அத்தை ஈரமான கட்டையை நகத்தால் சுரண்டினாள். "அவ சரின்னுதான் சொல்லுவா" என்றாள்.

எனக்குக் கதை பிடிபடவில்லை. ஆறு வயதுப் பெண்ணை யார் பெண் கேட்பார்கள்? இருந்தாலும் முடிவு தெரிந்துவிட்டதே என்ற பெருமையில், அப்பா சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், யார் யாருக்குச் சொன்னது என்பது உட்பட. அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. அத்தை அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"என்னம்மா இது?"

"புள்ள சொல்றது சரிதாண்ணே."

அப்பா சாப்பிடாமல் எழுந்துவிட்டார். "அவங்க கிராணி ஆளுங்க. நாளைக்கு என் தங்கச்சிய வாசல்ல நிக்க வச்சுட்டா?" என்று அம்மாவிடம் கேட்டது எனக்கும் கேட்டது. கோழி வேலி தாண்டியதற்குத்தான் இத்தனையும் என்று முடிவுகட்டினேன்.

மறுநாள் கிராணி கோட்டு போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். புகார் சொல்லத்தான் வருகிறார்! புள்ளிக் கோழியை அரிசிச் சாக்கில் போட்டுக் கட்டி வாழைக்குப் பின்னால் ஒளித்துவிட்டு வந்தேன். அப்பாவும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவருக்கும் எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. இனியும் பொறுத்தால் கோழிக்கு ஆபத்து என்று நடுவில் போய் நின்றேன்.

"இனிமே உங்க வீட்டுக்கு வராது. நான் பாத்துக்கறேன். அத ஒண்ணும் பண்ணிராதீங்க."

கிராணி திகைத்தார். பிறகு, "வரட்டும் பிள்ளை. எப்பவும் போல வரட்டும்" என்றார். முதலில் சிரித்தது அப்பாதான். சிரித்துக்கொண்டே, தன் தங்கையைக் காப்பி கொண்டுவரச் சொன்னார். கதவுக்குப் பின்னால் அத்தை மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தை மாதம் அவள் அந்த வீட்டுக்கே கல்யாணமாகிப் போகப்போகிறாள் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? கோழிக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று, சாக்கை அவிழ்க்க ஓடினேன்.