கண் திறக்காத செக்மெட்

செக்மெட் பழைய எகிப்தின் தெய்வம். பெண் உடல், சிங்கத் தலை, தலைக்கு மேல் சூரிய வட்டு. ஒரு ஹோட்டல் லாபிக்காக அவளை ஃபைபரில் ஏழு சிலைகளாகச் செய்யும் ஆர்டர் வளைகுடாவில், முசஃபா தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. என் பொறுப்பில் விடப்பட்ட முதல் வேலை அதுதான். அதுவரை நான் ஃபைபருக்கு உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவன். முதல் சிலையை ஹோட்டல்காரர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் திரும்பவும் தேய்க்கப் போகலாம் என்று மேனேஜர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

பதினொரு மணிக்கு ஹோட்டலின் எகிப்து இன்ஜினியர் பார்க்க வருகிறார். எட்டரைக்குப் போய்ப் பார்த்தால் சிலைக்குக் கண் இல்லை. பொன் பூச்சு இருக்கிறது, பிடரியில் நீலக் கோடு இருக்கிறது, மீசைப் புள்ளிகள்கூட இருக்கின்றன. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குழிகள்.

பெயின்டர் அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். கடலூர்ப் பக்கம் கோபுரப் பொம்மைகளுக்கு வர்ணம் அடித்துப் பழகிய கை.

“அண்ணே, கண்ணு எங்க?”

“இங்க வரையக் கூடாது தம்பி. நிக்க வேண்டிய எடத்துல நிறுத்தினப்புறம்தான் கண்ணத் திறப்போம். இங்க திறந்தா அம்மா மொதல்ல எதப் பாப்பா? கிரைண்டரையும் கக்கூஸையுமா?”

“இது அம்மா இல்லண்ணே. எகிப்து சாமி. பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கத்தான் கேக்குறாங்க.”

“சிங்க மூஞ்சி, பொம்பள ஒடம்பு. பிரத்யங்கிரா தேவி இல்லாம வேற யாரு? கும்பகோணம் பக்கம் கோயிலே இருக்கு, போய்ப் பாரு.”

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். படித்ததை எடுத்துச் சொன்னால் யாராக இருந்தாலும் ஒப்புக்கொள்வார்கள் என்று இன்னமும் நம்புகிறவன். போனை எடுத்துக் கதையை வாசித்துக் காட்டினேன். மனிதர்களைத் தண்டிக்கச் சூரியக் கடவுள் இவளை அனுப்புகிறார். இவள் ரத்தம் குடித்து வெறியேறி நிறுத்த மாட்டேன் என்கிறாள். கடைசியில் பீரில் சிவப்புச் சாயம் கலந்து ஊற்றி, ரத்தம் என்று நம்பவைத்துக் குடிக்கவிட்டு அடக்குகிறார்கள்.

அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

“ரத்தம் குடிச்சாளா? ஊத்திக் குடுத்துத்தான் அடக்கினாங்களா? அப்புறம் எப்பிடிப்பா வேற சாமிங்கிற? இவ்ளோ தெரிஞ்சும் என்ன இங்கயே திறக்கச் சொல்றியே, படிச்சவன்தான நீ?”

பின்னால் மோல்டு கழுவிக்கொண்டிருந்தவன், “நீங்களே திறங்க சாரே, நாங்க கேட்டுக்கு வெளிய நிக்கிறோம்” என்றான். பட்டறையே சிரித்தது.

ஆத்திரத்தில் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது. எனக்கு உப்புத்தாள் தேய்க்கத்தான் வரும், ஒரு கோடு நேராக வராது. இறங்கி வந்தேன்.

இன்ஜினியர் சரியான நேரத்துக்கு வந்தார். சிலையைச் சுற்றி வந்தார், முழங்காலைத் தட்டிப் பார்த்தார், “கண் எங்கே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, “லாரியில் ஏற்றி இறக்கும்போது கண் உரசிவிடும் சார். சைட்டில் நிறுத்திய பிறகு வரைவதுதான் எங்கள் முறை” என்றேன்.

“வெரி குட். ப்ரொஃபஷனல்” என்று கையெழுத்துப் போட்டார். என் வேலை தப்பியது. நான் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொன்னார்: ஏழு சிலைகளுக்கும் இதே முறைதான். என்னென்ன செய்வோம் என்று ஒவ்வொரு படியாக ஆங்கிலத்தில் எழுதி மாலைக்குள் அனுப்ப வேண்டும். அது இல்லாமல் லாபிக்குள் விட மாட்டார்கள்.

கம்ப்யூட்டர் முன்னால் அண்ணனை உட்கார வைத்தேன்.

“சொல்லுங்கண்ணே, ஸ்டெப் ஒண்ணு.”

“நான் தலைக்கு ஊத்திக்கணும்.”

“அத எழுத முடியாதுண்ணே.”

“அப்ப ரெண்டாவது எழுதிக்க. எதிர்ல ஒரு ஆள் நிக்கக் கூடாது.”

‘சிலைக்கு முன்னால் உள்ள பகுதி காலி செய்யப்படும்’ என்று ஆங்கிலத்தில் தட்டினேன். ஒருவழியாக ஒரு வரி தேறியது.

“மூணாவது?”

“கண்ணத் திறந்ததும் மொதல்ல பாக்க ஒரு பசுமாடு கொண்டாந்து நிறுத்தணும்.”

“ஹோட்டல் லாபியிலயா?”

“கன்னுக்குட்டியோட.”