விற்காத பூட்டு, விற்ற கிடங்கு

பூட்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் அவருக்குப் பெயர் கமா. எண்களுக்கு நடுவே ஒரு கமா விட்டுப்போனால் மனிதருக்குக் காபி தொண்டையில் இறங்காது. இருபத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலி. அதற்கும் கால் ஆடும், அவருக்கும் கால் ஆடும்.

வருடக் கணக்கு முடிந்த அன்று அவர் கால் கூடுதலாகவே ஆடியது. விற்பனை தொள்ளாயிரம் லட்சத்திலிருந்து எழுநூற்று எண்பதுக்கு இறங்கியிருந்தது. நிகர லாபமோ நாற்பதிலிருந்து அறுபத்தொன்றுக்கு ஏறியிருந்தது. முதலாளி லாபத்தை மட்டும் அறிவிப்புப் பலகையில் எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டார். விற்பனையை எழுதப் பலகையில் இடமில்லையாம்.

மதியம் மனைவி போனில் கேட்டாள். "பூட்டு விக்கல, லாபம் மட்டும் கூடிடுச்சா? யார் காதுல பூ சுத்துறீங்க?"

"பழைய கிடங்க வித்தோம்ல, அதுல லாபம் முப்பத்திரண்டு. அந்தப் பணத்துல கடன அடைச்சோம், வட்டி ஆறு மிச்சம். பித்தளை வெல எறங்குனதுல எட்டு. விற்பனை கொறஞ்சதுல இருபத்தஞ்சு போச்சு. போக மிச்சம் இருபத்தொண்ணு."

"நம்ம ஸ்கூட்டர வித்த மாசம் நீங்க ரெண்டு சட்டை எடுத்தீங்களே, அந்த மாதிரி."

"அதேதான்."

"சரி, அடுத்த வருஷம் எதை விப்பாங்க?"

கமா, போனில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்.

மூன்று மணிக்கு முதலாளி கூப்பிட்டார். "அடுத்த வருஷமும் அறுபத்தொண்ணு வரணும். எங்கேருந்து வரும்னு அஞ்சு மணிக்குள்ள ஒரு பட்டியல் குடுங்க. பைசா சுத்தமா இருக்கணும்."

"சார், இருந்தது ஒரு கிடங்குதான்."

"அதனாலதானே உங்களக் கூப்பிட்டேன்!"

ஆக, முப்பத்திரண்டு லட்சம் பள்ளம். கமா விளம்பரத்தை வெட்டினார். ஓவர்டைமை வெட்டினார். இரண்டு வேனில் ஒன்றை வெட்டினார். டீயை ஒரு வேளையாக்குவதற்கு முன் மட்டும் ஒரு டீ வரவழைத்துக் குடித்துக்கொண்டார். இன்னும் 4,11,600 இடித்தது. எழுந்து தண்ணீர் குடித்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். வேறு யாராக இருந்தாலும் 'இதர சேமிப்பு' என்று எழுதி மூடியிருப்பார்கள். கமா தன் வாழ்நாளில் 'இதர' என்று எழுதியதில்லை. அது திருடர்களின் வார்த்தை என்பது அவர் கட்சி.

அந்த எண் எங்கோ பார்த்த முகமாகத் தெரிந்தது. பன்னிரண்டால் வகுத்தார். 34,300. அட! "கணக்குப் பிரிவு, முதுநிலை உதவியாளர், ஒருவர்" என்று எழுதிக் கூட்டினார். முப்பத்திரண்டு லட்சம், துளி பிசகில்லை. "வந்துடுச்சு!" என்று மேசையைத் தட்டினார். கால் ஆட்டம் நின்றது.

அரை நிமிடம் கழித்து மறுபடி ஆட ஆரம்பித்தது. அந்தப் பிரிவில் முதுநிலை உதவியாளர் ஒருவர்தான். ரப்பரை எடுத்தார். அழித்தால் கணக்கு இடிக்கும். ரப்பரை வைத்தார். மணி ஐந்து.

முதலாளி மொத்தத்தை மட்டும் பார்த்துப் பூரித்தார். "பிரமாதம்! அடுத்த வருஷமும் நீங்களே போட்டுக் குடுத்துடுங்க."

"அப்ப நான் இருக்க மாட்டேன் சார்."

"ஏன், லீவா?"

கமா கடைசி வரியில் விரலை வைத்தார். முதலாளி படித்தார், ஆளைப் பார்த்தார், மறுபடி படித்தார்.

"இது நீங்களா? சரி, இத எடுத்துட்டா?"

"நாலு லட்சத்துப் பதினோராயிரத்து அறுநூறு இடிக்கும் சார்."

"இடிச்சா இடிச்சுட்டுப் போகட்டும்யா!"

கமா நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "முடியாது சார். வேணும்னா ஒண்ணு பண்ணலாம். இன்னும் இருபது லட்சத்துக்குப் பூட்டு வித்தா அந்த வரி தேவைப்படாது."

அப்படியொரு வழியை முதன்முறையாகக் கேள்விப்பட்டவர் மாதிரி முதலாளி நிமிர்ந்தார். பிறகு மேசைக்கு அடியிலிருந்து மாதிரிப் பூட்டுகள் அடங்கிய பையை எடுத்து நீட்டினார். "வித்துட்டு வாங்க. வித்தா வரிய அடிச்சிடறேன்."

வாசலில் நின்று மனைவிக்குப் போன் போட்டார். "அடுத்த வருஷம் எதை விப்பாங்கன்னு கேட்டியே, பூட்டத்தான். விக்கப்போறது நான்."

"நீங்களா? கடைக்காரன் பேரம் பேசி, மொத்தமா ஒரு ரவுண்டு தொகை போட்டுக்கோன்னா என்ன பண்ணுவீங்க?"

கமா அதை யோசித்திருக்கவில்லை. பையில் பூட்டுகள் கடகடவென்று சத்தம் போட்டன. நின்ற இடத்திலேயே கால் ஆடிக்கொண்டிருந்தது.