பூங்கா பார்த்த முகப்பு

என் வீட்டுக்காரருக்கு உலகமே எழுத்துதான். எனக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரியில் துடித்தபோது, சுவரில் இருந்த பலகையைப் பார்த்து, "ரெண்டு வார்த்தைக்கு நடுவுல லாரியே போகும் போலிருக்கே" என்று வருத்தப்பட்ட மனிதர். வீடு விற்பவர்களுக்கு விளம்பரம் வடிவமைப்பது தொழில். ஜன்னல் இல்லாத அறையை 'அமைதியான படிப்பறை' ஆக்கிவிடுவார். நாங்கள் மட்டும் பதினோரு வருடமாக வாடகை வீட்டில்தான் இருக்கிறோம்.

எங்கள் பிரிண்டிங் கடைக்கும் பக்கத்துப் பூங்காவுக்கும் எதிரே ஒரு பஸ் ஸ்டாப். தடம் மாறியபின் அங்கே பஸ் வருவதில்லை. தொப்பிக்காரர் என்று தெருவே கூப்பிடும் ஒருவர் அதில் தங்கியிருக்கிறார். அவரைக் காலி செய்யச் சொல்லித் தெருச் சங்கச் செயலாளர் மனு எழுதினார். வெள்ளிக்கிழமை நகராட்சியில் கொடுப்பதாக ஏற்பாடு. முதல் கையெழுத்து என்னுடையது. பொய் சொல்வானேன், கடைக்கு நேரே அவர் துணி காயப்போடுவது எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டுக்காரர் என்னோடு சண்டை போடவில்லை. சுவரொட்டி போட்டார். கறுப்பு வெள்ளையில் சுருங்கிய இரண்டு கைகள், மேலே 'இவரும் மனிதரே'. பார்த்தவர்கள் "அச்சச்சோ" என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப் போட்டார்கள்.

"பாவப்பட வெச்சா ஓடிடறாங்க. ஆசைப்பட வெக்கிறேன், பாரு" என்றார்.

அடுத்த சுவரொட்டியில் அந்த பஸ் ஸ்டாப்பையே வீடாக்கிவிட்டார், அசல் வீட்டு விளம்பரம் மாதிரி. 'நகரின் நடுவே. மூன்று பக்கமும் காற்றோட்டம். பூங்கா பார்த்த முகப்பு.' விஷயம் அடியில் இருந்தது: 'பூங்கா எதிரே உள்ள பஸ் ஸ்டாப்பில் நாலு வருடமாக ஒருவர் குடியிருக்கிறார். விரட்டுமுன் ஒரு வார்த்தை பேசுங்கள்.' அந்த வரி மட்டும் கடுகு அளவு. பொடி எழுத்துதான் கௌரவம் என்பது அவர் கொள்கை. எங்கள் கடையின் பழைய விளம்பரத்தின் மேலேயே வேலை செய்ததால், அதிலிருந்த கடை போன் நம்பர் பூசணிக்காய் அளவில் அப்படியே நின்றுவிட்டது. அந்த போனை எடுப்பவள் நான்.

காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தது. "வீடு இன்னும் காலியா இருக்கா?"

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவருக்கோ வாயெல்லாம் பல். "வெச்சிடாதே! கேட்டதுக்கு உண்மையைச் சொல்லு, போதும்."

உண்மை எனக்கு எங்கே தெரியும்? தண்ணீர் வசதி எப்படி என்று ஒருத்தி கேட்டாள். முணுமுணுத்துக்கொண்டே தெருவைத் தாண்டிப் போய்த் தொப்பிக்காரரைக் கேட்டேன்.

"பூங்கா குழாய்லதான், தங்கச்சி. தோட்டக்காரர் வர்றதுக்குள்ள புடிச்சிடணும்."

மழைக்கு ஒழுகுமா என்று இன்னொருவர்.

"நேரா பெஞ்சா ஒழுகாது. சாஞ்சு பெஞ்சா எந்திரிச்சு நின்னுக்குவேன்."

"விடிய விடியவா?"

"மழை நிக்கிற வரைக்கும்."

அக்கம்பக்கம் எப்படி என்று ஒரு அம்மாள் கேட்டாள். அதையும் போய்க் கேட்டுத் தொலைத்தேன். அவர் எங்கள் கடையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நல்ல மாதிரிதான். பேச மாட்டாங்க."

எனக்குச் சுருக்கென்றது. அன்று சாயங்காலம் யாரும் போன் செய்யாமலே இரண்டு டம்ளர் டீயோடு போனேன்.

வியாழக்கிழமை ஒரு கனத்த குரல். "பூங்கா பார்த்த முகப்புன்னு போட்டிருக்கே, நம்ம மாப்பிள்ளைக்கு ஒரு இடம் வேணும். யாராச்சும் குடியிருக்காங்களா?"

சாட்சாத் செயலாளரேதான். என் குரல் அவருக்குப் பிடிபடவில்லை.

"இருக்காருங்க. நாளைக்குக் காலி பண்ண வெக்கிறதா சொல்றாங்க."

"அதென்ன அநியாயம்? குடியிருக்கிறவரைத் திடீர்னு தூக்கி எறிஞ்சா எங்க போவாரு?"

"அதைத்தான் நானும் கேக்குறேன், சார். கீழே பொடியா ஒரு வரி இருக்கு, படிங்க."

"இருங்க, கண்ணாடி போட்டுக்குறேன்."

கண்ணாடிக் கூடு திறக்கும் சத்தம் கேட்டது. 'நாலு வருடமாக ஒருவர்' வரை வாய்விட்டுப் படித்தவர் அங்கேயே நிறுத்தினார்.

"பிரிண்டிங் கடைம்மாவா?"

"ஆமா சார். மனுவுல முதல் கையெழுத்து நான்தான் போட்டேன். அந்தக் கையெழுத்தை அடிச்சிடணும், இப்பவே உங்க வீட்டுக்கு வரேன்."

"வீட்டுக்கு வர வேணாம்மா. மனுவை எடுத்துக்கிட்டு நானே பஸ் ஸ்டாப்புக்கு வரேன்." கொஞ்சம் தயங்கினார். "வர்றப்ப டீ வாங்கிட்டு வந்தா அவரு குடிப்பாரா?"

"குடிப்பாரு. சர்க்கரை மட்டும் போடச் சொல்லாதீங்க, அவருக்கு ஆகாது."