மான் வழியைக் கழுவியவள்

நெடுஞ்சாலைத் துப்புரவுப் பிரிவில் அவளுக்குப் பளிச்சு என்று பெயர் விழுந்து பதினைந்து வருடம் இருக்கும். வைத்தது யார் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. அவள் பெருக்கிவிட்டுப் போன இடத்தில் ஒரு பீடித் துண்டைக்கூடப் பார்க்க முடியாது, அதனால் வந்த பெயர். வண்டி ஓட்டும் டிரைவர் அவளைவிட இரண்டு வயது மூத்தவர். அவரும் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார். இவள் பதிலுக்கு அண்ணே என்பாள். யார் யாருக்கு மூத்தவர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப் போவார்கள்.

வயது நாற்பத்தாறு. சர்வீஸ் பத்தொன்பது வருடம். இடது முழங்கால் தேய்ந்து, குனிந்து நிமிரும்போதெல்லாம் உள்ளே ஏதோ நறுக்கென்று சொல்லும். காலை ஐந்தரைக்கு டிப்போவில் கையெழுத்துப் போட்டால் பகல் இரண்டு மணி வரை வேலை. நடுத் திட்டைப் பெருக்க வேண்டும். பஸ் நிறுத்தத்தில் ஆட்கள் சாலையைக் கடக்கும் சுரங்கப் பாதையைக் கழுவ வேண்டும். அதோடு, சாலையில் அடிபட்டுக் கிடப்பவற்றை எடுக்க வேண்டும்.

எடுப்பதுதான் அவளை ஆட்டி வைத்த வேலை. டிரைவர் வண்டியைக் குறுக்கே நிறுத்தி மஞ்சள் விளக்கைச் சுழல விடுவார். அவள் சாக்கும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு இறங்குவாள். முயல் என்றால் ஒரு கையில் அடங்கிவிடும். முள்ளம்பன்றியை மண்வெட்டியால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும். காட்டுப்பன்றி என்றால் தார்ப்பாயை விரித்து இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். எடுத்த இடத்தில் சுண்ணாம்புத் தூளைத் தூவிப் பெருக்கி விட்டால் கறைகூடத் தெரியாது. மான் மட்டும் அவளுக்கு ஆகாது. ஒரு நாள் எடுத்தபோது வயிற்றுப் பக்கம் இன்னும் சூடாக இருந்தது. அதற்குப் பிறகு மானின் முகத்தைப் பார்ப்பதில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் "இன்னிக்கு ஒண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு நேரே குளியலறைக்குப் போய்விடுவாள். அக்கா வீட்டிலிருந்தபடியே சீருடை தைத்துக் கொடுப்பவள். தையல் மெஷினை நிறுத்திவிட்டு அடுப்பில் வெந்நீர் வைப்பாள். சகோதரிகள் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு. அதற்கு மேல் பேச்சு தேவைப்படாது.

அதனால் ஒன்பதாவது கிலோமீட்டரில் மிருகங்களுக்கென்று வழி கட்டப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது அவளைவிடச் சந்தோஷப்பட்டவர் அந்த டிப்போவில் கிடையாது. அந்த இடத்தில் சாலையின் இரண்டு பக்கமும் காடு. சாலைக்கு அடியில் கான்கிரீட்டில் ஒரு பெட்டி கட்டினார்கள். முப்பது தப்படி நீளம், ஆள் கையைத் தூக்கினாலும் தொட முடியாத உயரம். மிருகங்கள் மேலே ஏறாமல் இந்த வாசலுக்கே வந்து சேரும்படி இரண்டு பக்கமும் இரண்டு கிலோமீட்டருக்குக் கம்பி வேலி. திறந்த அன்று காட்டிலாகா அதிகாரியம்மா எல்லோரையும் நிற்க வைத்து விஷயத்தைச் சொன்னார். எட்டு மாதம் பார்ப்பார்கள். மிருகங்கள் இதன் வழியாகப் போனால் இன்னும் மூன்று இடங்களில் இதே மாதிரி கட்டுவார்கள். போகாவிட்டால் வேலியைப் பிரித்துவிட்டு, பெட்டியைக் கல் குவாரி லாரிகளுக்குக் குறுக்கு வழியாகக் கொடுத்துவிடுவார்கள். குவாரிக்காரர்கள் அப்போதே வந்து அகலத்தை அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

மறுநாள் சூப்பர்வைசர் வேலைத் தாளில் ஒரு வரி சேர்த்தார். பஸ் நிறுத்தச் சுரங்கப் பாதை என்ற வரிக்குக் கீழே, மிருகச் சுரங்கப் பாதை. அதே மாதிரி வேலைதான், ஆள் நடமாட்டம் இல்லாததால் சுலபம் என்றார்.

அவள் போய்ப் பார்த்தபோது பெட்டிக்குள் முழங்கால் அளவுக்கு மண்ணும் சருகும் கிடந்தன. நடுவில் உளுத்துப்போன ஒரு மரக்கட்டை வேறு. கட்டியவர்கள் குப்பையை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. இப்படிப்பட்ட வேலையை அவளால் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூன்று நாள் தள்ளுவண்டியில் அள்ளி அள்ளி வெளியே கொட்டினாள். கட்டையை டிரைவரோடு சேர்ந்து உருட்டிப் பள்ளத்தில் தள்ளினாள். முழங்கால் வீங்கிப் பந்தாகிவிட்டது. அப்புறம் தரை முழுக்கப் பினாயில் போட்டுக் கழுவினாள். பஸ் நிறுத்தத்தில் வாளிக்கு ஒரு மூடி ஊற்றுவது வழக்கம். இங்கே வரப்போகிறவர்களுக்கு ஒழுங்குமுறை தெரியாதே என்று இரண்டு மூடி ஊற்றினாள்.

இரண்டாவது வாரம் ஒரு ஓரமாகச் சின்னச் சின்னப் புழுக்கைகள் குவியலாகக் கிடந்தன. பஸ் நிறுத்தத்து ஜனங்களே தேவலை என்று முணுமுணுத்துக்கொண்டு வாரிக் கொட்டினாள். அன்று மூன்று மூடி. அடுத்த வாரத்திலிருந்து ஒன்றும் கிடக்கவில்லை. சொன்னால் புரிந்துகொள்கிற பிராணிகள்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது மாதத்தில் அதிகாரியம்மா வாசல்களில் கேமரா மாட்டினார். ஆட்களைப் படம் பிடித்து வீணாகாமல், சாயங்காலம் ஐந்து மணிக்கு முழித்து விடியற்காலை ஐந்து மணிக்குத் தூங்குகிற கேமரா. அவர் மாதம் ஒரு முறை மத்தியானத்தில் வருவார். அதற்குள் மனித மூக்குக்குப் பினாயில் வாடை போய்விட்டிருக்கும். மிருகங்கள் நடப்பதற்காகப் பரப்பச் சொன்ன மண் உள்ளே இல்லாததைப் பார்த்து கான்ட்ராக்டருக்குக் கடிதம் எழுதினார். போட்டுவிட்டேன் என்று கான்ட்ராக்டர் பதில் எழுதினார். போட்டதற்கு அடையாளமே இல்லை என்று இவர் இன்னொரு கடிதம் போட்டார். இந்தச் சண்டை மேலேயே நடந்தது. பெருக்குகிறவளைக் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

மிருகங்கள் வரவில்லை. வேலி இருந்த இடத்தில் சாவு குறைந்தது. வேலி முடிகிற இடத்தில் கூடியது. அவள் எடுத்துக்கொண்டேதான் இருந்தாள்.

எட்டாவது மாதம் ஒரு நாள், வேலை முடிந்து கையெழுத்துப் போட அவள் டிப்போ அறைக்குள் நுழைந்தபோது அதிகாரியம்மா சூப்பர்வைசரின் மேஜையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வாடியிருந்தது. "பாருங்க சார், வாசல் வரைக்கும் வருது. உள்ள போகமாட்டேங்குது. ஏதோ தடுக்குது, என்னன்னுதான் தெரியல" என்றார். இன்னும் பன்னிரண்டு நாளில் அறிக்கை கொடுக்க வேண்டுமாம். ஒரு காரணத்தை எழுத முடிந்தால் மூன்று மாதம் அவகாசம் கேட்கலாம். காரணமே இல்லாமல் எப்படிக் கேட்பது?

அவளும் எட்டிப் பார்த்தாள். சாயங்கால வெளிச்சத்தில் ஒரு மானும் குட்டியும். வேறொரு நாள் ஒரு நரி. இன்னொரு நாள் இரண்டு முள்ளம்பன்றிகள். எல்லாம் ஒரே இடத்தில் நின்றிருந்தன. வாசலில் கான்கிரீட் தொடங்குகிற விளிம்பு. அவள் தினமும் பினாயில் தண்ணீரை ஊற்ற ஆரம்பிக்கிற இடம். நரி மூக்கை மேலே தூக்கி, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். வேலை முடிந்து பினாயில் வாடையோடு அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், குளிக்கிற வரைக்கும் கிட்டே வராமல் அக்கா வளர்க்கும் பூனை காட்டுகிற முகம்.

கையெழுத்தை வேறு யாருடைய கட்டத்திலோ போட்டுவிட்டு வெளியே வந்தாள். பத்தொன்பது வருடத்தில் அவள் கட்டம் தவறியது அன்றுதான்.

மறுநாள் காலையில் சூப்பர்வைசரைத் தனியாகப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். மண், கட்டை, புழுக்கை, எத்தனை மூடி என்பது வரைக்கும். அவர் கெட்டவர் இல்லை. கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, இத என்கிட்ட சொன்னதோட விட்டுடு. நாளைலேர்ந்து பினாயில் ஊத்தாத, அவ்வளவுதான்."

"பன்னெண்டு நாள்ல வாடை போகாது சார். ஏழு மாசம் ஊறியிருக்கு."

"போகலன்னா போகட்டும். ரெண்டு மாசத்துல உனக்கு மேஸ்திரி போஸ்ட் வருது. அதுக்கப்புறம் குனியவே வேணாம், நின்னு வேல வாங்கினா போதும். இப்ப மெமோ வந்துதுன்னா அது அடுத்த ஆளுக்குப் போயிடும். உன் காலை நெனச்சுப் பாரு."

அவள் காலை நினைத்துத்தான் பார்த்தாள். அன்று முழுக்க வேறு எதையும் நினைக்கவில்லை. நடுத் திட்டில் ஒவ்வொரு முறை குனியும்போதும் அது தன் கட்சியைச் சொல்லிக்கொண்டே வந்தது. அன்றைக்குப் பார்த்து எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் முடிவு செய்வது சுலபமாக இருந்திருக்கும்.

சாயங்காலம் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னாள். அக்கா எட்டாவது வரை படித்தவள். கையெழுத்து அச்சுப் போல இருக்கும். உனக்குத் தூக்கம் வருமா வராதா என்று மட்டும் கேட்டாள். வராது என்றாள் தங்கை. அக்கா மெஷின் மேலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுக் கோடு போட்ட தாளை எடுத்தாள்.

"சுத்தமா வச்சதுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதறது ஊரு உலகத்துலயே நாமதான்டி. சொல்லு."

"மன்னிப்புன்னு போடாதக்கா. நடந்தத மட்டும் போடு."

தேதி, வார வரிசை, தள்ளுவண்டியில் எத்தனை நடை, எந்த மாதத்திலிருந்து எத்தனை மூடி, எல்லாம் ஒன்று விடாமல் ஒன்றரைப் பக்கம் வந்தது. ஒரு இடத்தில் அடித்தல் விழுந்ததால் அக்கா முழுவதையும் திரும்ப எழுதினாள். தங்கை அடியில் கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரியம்மா அதை நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவை உட்கார்ந்து படித்தார். திட்டுவார் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரெண்டாவது வாரமே வந்துடுச்சாம்மா?"

"வந்துது மேடம். நான்தான் வாரிக் கொட்டிட்டேன்."

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு, "அந்தக் கட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார்.

மூன்று மாத அவகாசம் கிடைத்தது. கான்ட்ராக்டருக்கு மூன்றாவது கடிதம் போயிற்று, இந்த முறை வருத்தம் தெரிவித்து. அவளுக்கு மெமோவும் வந்தது. மேஸ்திரி வேலை அவளுக்கு எட்டு வருடம் இளையவனான ஒருவனுக்குப் போயிற்று. அவன் பாவம், அவள் எதிரில் நின்று வேலை வாங்கக் கூச்சப்பட்டுக்கொண்டு தானே துடைப்பத்தை எடுப்பான்.

அதற்குப் பிறகு அவள் செய்த வேலையைப் பார்த்து டிப்போவே சிரித்தது. பத்தொன்பது வருடம் அழுக்கை எடுத்தவள் இப்போது அழுக்கைக் கொண்டு வந்து போட்டாள். வெறும் தண்ணீரால் இருபது நாள் தரையைக் கழுவினாள். பள்ளத்திலிருந்த கட்டையை மறுபடியும் உருட்டி வந்தார்கள். காட்டு ஓரத்தில் மிருகங்கள் நடந்த தடத்திலிருந்தே மண்ணும் சருகும் அள்ளித் தள்ளுவண்டியில் நடை நடையாகக் கொண்டு வந்தாள். முதலில் அவள் பரப்பிய மண் பாய் விரித்தது போல நாலு மூலையும் சமமாக இருந்தது. அதிகாரியம்மா வந்து பார்த்துவிட்டு, "அம்மா, கொஞ்சம் தாறுமாறா போடுங்க" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. அவளுக்குக் கை வரவில்லை. கடைசியில் டிரைவர்தான் காலால் கலைத்துவிட்டார். "இந்த வேல எனக்குப் பிறவியிலயே வரும் பளிச்சக்கா" என்றார்.

அவகாசத்தில் ஒரு மாதம் போயிற்று. ஒன்றும் இல்லை. இரண்டாவது மாதமும் படங்களில் அதே விளிம்பு, அதே தயக்கம். நரி மட்டும் இரண்டு அடி உள்ளே வந்து திரும்பியிருந்தது. குவாரிக்காரர்கள் இன்னொரு தடவை அகலத்தை அளந்துவிட்டுப் போனார்கள். அவள் காலையில் போவாள், உள்ளே நுழையாமல் வாசலில் நின்று பார்ப்பாள், அடுத்த வேலைக்கு நடப்பாள். சும்மா நின்று பார்ப்பது பெருக்குவதைவிட அதிக அசதியாக இருந்தது.

அவகாசத்தின் எழுபத்தோராம் நாள் காலையில் வாசல் மண்ணில் குளம்புத் தடங்கள் இருந்தன. உள்ளே போகிற தடங்கள். பெரியது இரண்டு, அவற்றுக்கு நடுவில் ஒன்று பொடியாக. உள்ளே போனவை தடம் விழாத சருகின் மேல் திரும்பினவா, கடந்தனவா என்று வாசலில் நின்றபடி சொல்ல முடியாது. நடுவே நடந்து பார்த்தால் முப்பது தப்படிதான். ஆனால் தன் வாடை உள்ளே வேண்டாம் என்று அவள் வேலிக் கதவைத் திறந்து மேட்டில் ஏறினாள். நான்கு வழிச் சாலையை, லாரிகளுக்கு இடைவெளி பார்த்துப் பார்த்துக் கடந்தாள். அந்தப் பக்கச் சரிவில் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினாள். அதற்குக் கால் மணி நேரம் பிடித்தது.

மறுபக்க வாசலில் தடங்கள் வெளியே வந்திருந்தன. பொடியது இப்போது முன்னால் போயிருந்தது.

அவள் அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்து அதிகாரியம்மாவுக்குப் போன் செய்தாள். தலைக்கு மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் வருகிற வரைக்கும் இரண்டு மணி நேரம், காற்றில் உருண்டு வந்த ஒரு பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவகாசம் முடிவதற்குள் அப்படி இன்னும் ஆறு தடவை நடந்தது. அறிக்கை போயிற்று. வேலி நின்றது. அடுத்த இடங்களுக்கு ஆட்கள் வந்து முளைக்குச்சி அடித்தார்கள். மெமோவை ரத்து செய்யச் சொல்லித் தானே எழுதுவதாக அதிகாரியம்மா சொன்னார். "வேணாம் மேடம். அதுல பொய் ஒண்ணும் இல்லையே" என்றாள் அவள். சொல்லிவிட்டு, வேலி இல்லாத பதினான்காவது கிலோமீட்டரில் ஒன்று கிடப்பதாக டிரைவர் வந்து கூப்பிட்டதால், சாக்கை எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறினாள்.