எட்டுத் தறிக்கு ஒரு பூனை

அக்கா சௌந்திரத்தோடு போனில் பேசுவதென்றால் எனக்கு முதலிலேயே அலுப்பு வந்துவிடும். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்ல வேண்டும். மூன்றாவது தடவை கத்த வேண்டும். கத்தினால், "ஏன் சாமி இப்படி வள்ளுன்னு உழுகற?" என்று கோபித்துக்கொள்வாள். எடப்பாடியில் முப்பது வருஷமாக எட்டு விசைத்தறிகளுக்கு நடுவில் கிடக்கிறவளுக்குக் காது மந்தமாகாமல் என்ன செய்யும்? தெரிந்தும் எரிச்சல் வரும். நான் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க மெல்லப் பேசிவிட்டு வந்து, சாயந்திரம் கத்துவதற்குத் தெம்பு இருப்பதில்லை.

போன ஐப்பசியில் ஒரு நாள் எலியைப் பற்றிப் புலம்பினாள். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டிருப்பார்கள். எலிக்கு அந்தக் கஞ்சி ருசி. ஓரிடத்தில் பல்லை வைத்தால் இருநூறு, முந்நூறு இழை அறுந்துபோகும். அத்தனையையும் அக்கா குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். மருந்து வைத்துப் பார்த்தார்கள். எலி எங்கேயோ இடுக்கில் போய்ச் செத்து, ஒரு வாரம் தறிப் பட்டறையே நாறியது. அக்கம்பக்கத்தில் கேட்டு மூன்று பூனைக்குட்டிகள் கொண்டுவந்தார்கள். மோட்டார் ஸ்விட்சைப் போட்டதும் மூன்றும் எடுத்த ஓட்டம், திரும்பி வரவே இல்லை.

"நல்லா வளந்ததா, தகிரியமானதா ஒண்ணு பாரு சித்ரா. என்னால இனி இழை பிணைக்க முடியாது. இடுப்பு உட்டுப்போச்சு," என்றாள்.

சேலத்தை ஒட்டிய கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலை ரோடு ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால், யுவஸ்ரீ என்ற பெண் அடிபட்ட, கைவிடப்பட்ட பூனைகளை எடுத்து வைத்துப் பராமரிக்கிறாள். வேண்டியவர்கள் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் சும்மா தூக்கிக் கொடுத்துவிட மாட்டாள். சம்பந்தம் பேசப் போன இடத்தில்கூட அத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். நாலு பக்கத்துக்கு ஒரு படிவம். வீட்டில் யார் யார், ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள், வீடு அமைதியான இடத்தில் உள்ளதா?

அக்காவை அங்கே கூட்டிப்போனேன். அவள் கண்ணாடி கொண்டுவரவில்லை. படிவத்தை என்னிடம் தள்ளிவிட்டுக் கூண்டுகளைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அன்றைக்கு அரை நாள்தான் லீவு. அமைதியான இடமா என்பதற்கு நேராக 'ஆம்' என்று எழுதினேன்.

வீட்டை வந்து பார்ப்போம் என்றாள் யுவஸ்ரீ. எடப்பாடியில் மாதப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாள் எது என்று விசாரித்து, அந்த நாளுக்கு அவளை வரச் சொன்னேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது.

அன்று பட்டறையில் குண்டூசி விழுந்தால் கேட்கும். வரிசையாக நின்ற தறிகளைப் பார்த்து, "இதெல்லாம் ஓடாதுங்களா?" என்று யுவஸ்ரீ கேட்டாள். "ஆர்டரே இல்லைங்க, அதிகமா ஓட்டறதில்லை," என்றேன். அக்கா காபி எடுத்துவர உள்ளே போயிருந்தாள். அக்கா முன்பே தேர்ந்து வைத்திருந்த பழுப்பு வரிப் பூனையை என் கையில் கொடுத்துவிட்டு யுவஸ்ரீ கிளம்பினாள்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. எட்டுத் தறியும் ஒன்றாக ஓட ஆரம்பித்ததும் பூனை சுவரில் தாவி, கூரைக்குக் கீழே இருந்த பரணில் ஏறிக்கொண்டது. மூன்று நாள் இறங்கவில்லை. பாலைத் தொடவில்லை. நாலாம் நாள் அக்கா வீட்டுக்காரர் மயில்சாமி மாமா தறியை நிறுத்திவிட்டு, ஏணி போட்டு ஏறி, முழங்கை வரைக்கும் பிறாண்டல் வாங்கி இறக்கினார்.

"பாவம், நடுங்குது. திருப்பிக் குடுத்துரலாம்," என்றாள் அக்கா. மறுபடியும் ஒரு அரை நாள் லீவு.

யுவஸ்ரீ திட்டியிருந்தால் தேவலை. பூனையை எடை போட்டுப் பார்த்துவிட்டு, "அமைதியான இடம்னு எழுதியிருந்தீங்களே?" என்று மட்டும் கேட்டாள்.

அக்கா இது எதையும் கவனிக்கவில்லை. கடைசிக் கூண்டின் முன்னால் நின்றிருந்தாள். உள்ளே ஒரு வெள்ளைப் பூனை, நீலக் கண்.

"அதுக்குச் சுத்தமா காது கேக்காதுங்க," என்றாள் யுவஸ்ரீ என்னிடம், அக்காவுக்கும் தெரியும்படி தன் காதைத் தொட்டுக் கையை விரித்து. "ரெண்டு ஊட்டுக்காரங்க திருப்பிக் கொண்டாந்து உட்டுட்டாங்க. எத்தன கூப்பிட்டாலும் வர்றதில்லையாம், திமிராம்."

பட்டறையில் யாரும் யாரையும் வாயால் கூப்பிடுவதில்லை. எல்லாம் கைதான். கட்டை விரலை வாய்க்கு நேரே தூக்கினால் டீ. நாலு விரலையும் இரண்டு தடவை மடக்கினால் இங்கே வா. அக்கா பழக்கதோஷத்தில் இடுப்பளவில் கையை நீட்டி விரல்களை மடக்கினாள். பூனை எழுந்து, சோம்பல் முறித்து, வந்து கம்பியில் தலையைத் தேய்த்தது.

"இதக் குடுங்க சாமி," என்றாள் அக்கா.

"இல்லைங்கம்மா. உங்களுக்கு இனிமே தர முடியாது."

அக்காவுக்குப் பேச்சு விளங்கவில்லை. தலையாட்டல் விளங்கியது. என் பக்கம் திரும்பினாள். தறிக்காரக் குரல், கூடம் முழுக்கக் கேட்டது. "ஏன் சித்ரா, எனக்குக் காது கேக்காதுன்னு தர மாட்டேங்கறாங்களா?"

கூப்பிட்டும் அவள் திரும்பாத போதெல்லாம் நானும்தான் திமிர் என்று நினைத்திருக்கிறேன். நினைத்ததோடு விட்டேனா, வீட்டில் நாலு பேர் முன்னால் சொல்லியும் இருக்கிறேன்.

"இல்லக்கா. நான் பொய் எழுதிட்டேன்," என்றேன்.

"என்னது?"

"படிவத்துல நான் பொய் எழுதிட்டேன்."

"சத்தமாச் சொல்லு சாமி."

மூன்றாவது தடவை தொண்டை கிழியக் கத்தினேன். பூனை பார்க்க வந்திருந்தவர்கள், கூண்டு கழுவிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு யுவஸ்ரீயிடம் போனாள். "எட்டுத் தறிங்க சாமி. காலைல ஆறுக்குப் போட்டா ராத்திரி பத்து வரைக்கும் ஓடும். மனுசரு பேசறது கேக்காது. இந்தப் பூனைக்கு எந்தச் சத்தம் கேக்கப் போகுதுங்க?"

யுவஸ்ரீ உடனே சரி என்று சொல்லவில்லை. மோட்டார், பெல்ட் எல்லாவற்றுக்கும் கம்பி வலை அடிக்க வேண்டும். தறி ஓடும்போது சொல்லாமல் வந்து பார்ப்பேன் என்றாள். மாமா வலை அடித்தார். வந்தாள். ஒரு மோட்டாருக்குப் பின்னால் ஒரு சாண் சந்து இருக்கிறது என்று திரும்பிப் போய்விட்டாள். அதையும் அடைத்தார். இப்படியே மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் அக்கா எனக்குப் போன் செய்யவில்லை. தொல்லை விட்டது என்று என்னால் இருக்க முடியவில்லை. நான் கூப்பிட்டால் மாமாதான் எடுத்தார்.

யுவஸ்ரீ பூனையைக் கொண்டுவருகிறாள் என்று மாமா சொன்ன அன்றைக்கு நானும் போனேன். எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. யுவஸ்ரீ கூடையைத் திறந்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். வெள்ளைப் பூனை தரையை முகர்ந்தது. ஒரு சுற்று நடந்தது. நெய்து மடித்து வைத்திருந்த துண்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்து முன்னங்காலை நக்க ஆரம்பித்தது. யுவஸ்ரீ பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பையிலிருந்து புதுப் படிவத்தை எடுத்து, கண்ணாடி போட்டிருந்த அக்காவிடமே நீட்டினாள். அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்து, தானே எழுதிக் கொடுத்தாள்.

யுவஸ்ரீ போன பிறகும் நான் வாசற்படியிலேயே நின்றேன். அக்கா கடைசித் தறியருகே பாவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா," என்றேன். நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. அவள் நிமிரும் வரை காத்திருந்து, கையை நீட்டி நாலு விரலையும் இரண்டு தடவை மடக்கினேன்.

பூனைதான் முதலில் இறங்கி வந்தது. அதன் பின்னாலேயே அக்காவும் வந்தாள். எதிரில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கட்டை விரலை வாய்க்கு நேரே தூக்கிக் காட்டினாள்.